அத்தாவின் பெயர்

பிறந்த அன்றே காதில் பாங்கு சொல்லியாயிற்று. ஏழாம் நாளில் பெயர் மட்டும்தான் பாக்கி. நடுவீட்டில் பாய் விரித்து, ஊதுபத்தி கொளுத்தி, ஆளாளுக்கு உட்கார்ந்திருந்தோம். துணியில் பொதிந்த பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்ட பள்ளிவாசல் ஹஜ்ரத், "பேரு என்ன முடிவு பண்ணிருக்கீங்க?" என்றார். தம்பி சட்டைப்பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினான். முகம்மது அஃப்னான்.

ஹஜ்ரத் சீட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "நல்ல சொல்லுதான் தம்பி. குர்ஆன்ல ரஹ்மான் சூராவுல வருது. கிளைகள்னு அர்த்தம். ஆனா அரபு நாட்டுல இத பொம்பளப் புள்ளைக்கு வைப்பாங்க."

ஷார்ஜாவிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்திருந்த தம்பி போனை எடுத்துத் தடவ ஆரம்பித்தான். அடுப்படி வாசலில் நின்ற அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனசில் இருந்த பெயர் எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல மாட்டார்.

ஆண் பிள்ளைக்கு அரபுப் பெயர் தேடும் தமிழ் வீடு ஒவ்வொன்றிலும் இப்போது மூன்று இழுப்புகள் இருக்கின்றன. ஒன்று தாத்தாவின் பெயர், இன்னொன்று போனில் வரும் பட்டியல், மூன்றாவது பாஸ்போர்ட். போன தலைமுறை வரைக்கும் முதலாவது மட்டும் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. இப்போது பட்டியல்தான் ஜெயிக்கிறது. அயான், ஸயான், ரயான், ரிஹான், அஃப்னான் என்று ஒரு வகுப்பறையில் பாதிப் பேர் ஒரே ஓசையில் முடிகிறார்கள். இவற்றில் சிலவற்றுக்கு நல்ல வேர் உண்டு. ரய்யான் என்பது நோன்பாளிகள் நுழையும் சொர்க்க வாசலின் பெயர். ரைஹான் என்பது மணமுள்ள செடி. அதுவும் குர்ஆனில் வரும் சொல். ஆனால் பட்டியலுக்கு வேரைப் பற்றி அக்கறை கிடையாது. அதில் எந்த எழுத்துக்கோவையைத் தட்டினாலும் "இறைவனின் பரிசு", "ஒளிமிக்கவன்", "வீரன்" என்று ஏதாவது ஒரு பொருள் வந்து விழும். அரபி அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லே இருக்காது.

மார்க்கம் இந்த விஷயத்தில் கேட்பது குறைவு. ஏழாம் நாள் அகீகா என்னும் ஆட்டுப் பலி கொடுப்பது, முடி இறக்குவது, நல்ல பெயர் வைப்பது, அவ்வளவுதான். இறைவனுக்கு மிகவும் பிடித்த பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று ஹதீஸ் இருக்கிறது. மன்னாதி மன்னன் என்ற பொருளில் பெயர் வைத்துக்கொள்வது இழிவானது என்றும் இருக்கிறது. யஸார், நாஃபிஃ போன்ற பெயர்களை வைக்க வேண்டாம் என்று சொன்னதற்கு நபிகள் கொடுத்த காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். யஸார் என்றால் வசதி. "யஸார் இருக்கிறானா?" என்று ஒருவர் வாசலில் வந்து கேட்டு, வீட்டிலிருந்து "இல்லை" என்று பதில் வந்தால் எப்படி இருக்கும்? பெயர் என்பது ஏட்டில் எழுதி வைப்பதல்ல, வாசலில் நின்று கூப்பிடுவது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஹஸ்ன் என்ற மனிதரின் கதை புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ஹஸ்ன் என்றால் கரடுமுரடான நிலம். நபிகள் அவருக்கு ஸஹ்ல், அதாவது சமதளம், என்று பெயர் மாற்றச் சொன்னார்கள். அவரோ என் தகப்பன் வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய பேரன் ஸயீத் இப்னுல் முஸய்யிப் பெரிய அறிஞர். அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தை விட்டு அதன் பிறகும் போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பெயர்ப் பொருளின் முக்கியத்துவத்துக்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு என்னவோ அப்பன் வைத்த பெயரை விடமாட்டேன் என்று நின்ற மனிதர்தான் கண்ணில் தெரிகிறார்.

பெயர் அரபியில்தான் இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. சொல்லப்போனால் நாம் அரபுப் பெயர் என்று நினைக்கும் பலவும் அரபுப் பெயர்களே அல்ல. இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக், யஃகூப், யூசுஃப் எல்லாவற்றையும் அரபு இலக்கணக்காரர்கள் 'அஜமி', அதாவது அந்நியச் சொல், என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சாதாரண அரபுப் பெயர்ச்சொல்லின் கடைசியில் சேரும் 'உன்' ஒலி இவற்றில் சேராது. சிக்கந்தர், ஜஹாங்கீர், பர்வேஸ் எல்லாம் பாரசீக வழி வந்தவை, பாதுஷாவும் அப்படியே. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் தெருவில் இவை அனைத்தும் 'அரபுப் பேரு' என்ற ஒரே கூடையில் கிடக்கின்றன.

இனி பொருளுக்கு வருவோம். பட்டியல் பார்ப்பவர்கள் சண்டை போடுவது இதற்காகத்தான். மூன்றாம் கலீபாவின் பெயரான உதுமானுக்கு அகராதி தரும் பொருள் ஒரு பறவையின் குஞ்சு. பாம்புக்குட்டி என்றும் சொல்வார்கள். முஆவியா என்பது ஊளையிடும் நாயைக் குறிக்கும் சொல் என்று அதே அகராதிகள் சொல்கின்றன. உஸாமா, ஹைதர், அஸத், லைஸ் என்று சிங்கத்துக்கே ஒரு கூட்டம் பெயர்கள். பாலைவன மனிதர்கள் தங்களைச் சுற்றி எதைப் பார்த்தார்களோ அதைப் பிள்ளைக்கு வைத்தார்கள். நபிகள் உதுமானின் பெயரை மாற்றவில்லை. இன்று உலகத்தில் உதுமான் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கும் எந்த வீட்டிலும் பறவைக்குஞ்சை நினைப்பதில்லை, அந்த மனிதரைத்தான் நினைக்கிறார்கள். பெயரின் பொருளில் பெரும்பங்கு அதை முன்னால் சுமந்தவர்களிடமிருந்து வருகிறது. அகராதி தருவது மீதியைத்தான்.

அரபுப் பெயர் வளரும் விதத்தைக் கொஞ்சம் பார்த்தால் நம் குழப்பங்கள் பாதி விளங்கிவிடும். பிறக்கும்போது வைப்பது இஸ்ம். இன்னாரின் தகப்பன் என்று 'அபூ' சேர்த்துச் சொல்வது குன்யா. இன்னாரின் மகன் என்று 'இப்னு' சேர்ப்பது நஸப். ஊரையோ குலத்தையோ ஒட்டி வருவது நிஸ்பா, பட்டமாக வருவது லகப். சிலுவைப் போரில் ஜெருசலேமை மீட்ட ஸலாஹுத்தீனுக்குத் தகப்பன் வைத்த பெயர் யூசுஃப், ஸலாஹுத்தீன் பட்டம். 'மார்க்கத்துக்கு உயிர் கொடுத்தவர்' என்ற பொருள் தரும் முஹ்யித்தீன் பாக்தாதில் 1166-ல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானிக்குக் கிடைத்த பட்டம். பட்டங்களையெல்லாம் நாம் தொட்டில் பெயராக்கிவிட்டோம். முகைதீன், மைதீன், மொய்தீன், முகையதீன் என்று அந்த ஒரு பட்டத்துக்கே தமிழ்நாட்டில் எத்தனை உச்சரிப்புகள்! இதே பட்டம் 13-ஆம் நூற்றாண்டின் இமாம் நவவிக்கும் இருந்தது. தன்னை யாரும் அப்படி அழைப்பதை அவர் விரும்பவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஷாஃபி மத்ஹப் என்ற சட்டமரபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் அவருடைய மின்ஹாஜ் என்ற சட்ட நூலுக்குப் பெரிய மரியாதை. அந்த ஊர்களில்தான் தெருவுக்கு நாலு முகைதீன்.

ஹனிபா இன்னும் வேடிக்கை. அரபியில் ஹனீஃபா பெண்பால் வடிவம். ஒரு குலத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. இமாம் அபூ ஹனீஃபாவின் குன்யாவிலிருந்து 'அபூ' உதிர்ந்து இங்கே ஆண்பெயர் ஆகியிருக்கலாம். அல்லது அலியின் மகன் முஹம்மத் இப்னுல் ஹனஃபிய்யா, தாயின் குலத்தால் அறியப்பட்டவர், அவர் வழியாக 'முகம்மது ஹனிபா' வந்திருக்கலாம். எப்படி வந்தாலும், நாகூர் ஹனிபாவின் குரலைக் கேட்டு வளர்ந்த ஊரில் போய் இது பெண் பெயர் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். கீழக்கரையில் பிறந்த சாகுல் ஹமீது கவிஞரானபோது இன்குலாப் என்று பெயர் வைத்துக்கொண்டார். உருதுவில் அது புரட்சி. இன்றைய அரபியிலோ இன்கிலாப் என்றால் ராணுவம் ஆட்சியைக் கவிழ்ப்பது. அந்தப் பெயரின் பொருளைத் தமிழில் அவர் கவிதைதான் தீர்மானித்தது. ஹஜ்ரத் சொன்ன அஃப்னான் விஷயத்திலும் எனக்கு இந்த நினைப்பு வந்தது. நூறு வருஷம் நம் ஆண் பிள்ளைகள் சுமந்தால் அஃப்னானும் ஆண் பெயர்தான். ஆனால் அதற்கு முதல் ஆட்களில் ஒருவனாக நம் வீட்டுப் பிள்ளை நிற்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

எனக்குப் பட்டியலைவிடப் பெரிய கவலை எழுத்து. அரபியில் 28 எழுத்துகள். அதில் தொண்டையிலிருந்து வரும் மூன்று நான்கு ஒலிகள் தமிழுக்கு அந்நியம். க என்ற ஒரே எழுத்துக்குள் அவர்களுடைய மெல்லிய காஃபும் அடித்தொண்டைக் காஃபும் இன்னொரு கனத்த ஒலியும் போய் ஒடுங்கிவிடுகின்றன. ஹ என்ற கிரந்த எழுத்து இரண்டு மூன்று ஒலிகளுக்குக் குடை பிடிக்கிறது. படைத்தவனின் அடிமை என்று பொருள்படும் பெயரை 'அப்துல் காலிக்' என்று எழுதினால் பரவாயில்லை. அழகு என்று நினைத்து 'ஹாலிக்' என்று எழுதிவிட்டால், வாசிக்கிற அரபி அதைச் சிரைப்பவன் என்றும் எடுக்கலாம், அழிந்துபோகிறவன் என்றும் எடுக்கலாம். வல்லமை உள்ளவன் என்ற காதிரின் முதல் ஒலி அடித்தொண்டையில் பிறக்க வேண்டும். மெல்லச் சொன்னால் கலங்கல் என்ற சொல்லின் பக்கம் போய்விடும். மொழிகளுக்கு நடுவில் நிற்கும் இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழ் எழுதும் அர்வியை வைத்திருந்தார்கள். பெயர் அர்வியில் இருந்தவரை மெய்யொலி எதுவும் தவறவில்லை.

ஆனால் தமிழ் எழுத்துக்கு ஒரு பலம் உண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை. குறில் நெடில்! அரபுப் பெயர்களில் பாதி பொருள் நெடில் எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. ஹாமித் என்றால் புகழ்கிறவன், ஹமீத் என்றால் புகழுக்குரியவன். ஆமிர் வேறு, அமீர் வேறு. முன்னது செழித்து வாழ்கிறவன், பின்னது தலைவன். ராஷித், ரஷீத், ஸாலிம், ஸலீம், நாஸிர், நஸீர். ஜமால் அழகு, ஜமல் ஒட்டகம். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த ஜோடிகள் பெரும்பாலும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் காஃபுக்கு கே, அடித்தொண்டைக் காஃபுக்கு கியூ என்று மெய்யைக் காப்பாற்றி நெடிலைத் தொலைக்கும். தமிழோ நெடிலைக் காப்பாற்றி மெய்யைத் தொலைக்கும். நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் இரண்டு மொழியிலும் பெயர் இருப்பது எவ்வளவு வசதி! ஆனால் எல்லாரும் ஆங்கிலத்தில் முடிவு செய்துவிட்டுத் தமிழை எழுத்தரிடம் விட்டுவிடுகிறார்கள். அவர் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதினால் அமீர் ஆமிராகவும், ஹாமித் ஹமீதாகவும் மாறி நிற்கும்.

தமிழ் எழுத்தை வளைத்துப் பழகிய கைகளும் உண்டு. அரபியின் 'ஐன்' என்ற ஒலி, தொண்டையை இறுக்கிச் சொல்வது. அதற்குத் தமிழில் எழுத்தே இல்லை என்றுதான் நினைப்போம். ஆனால் இலங்கையில் நுஃமான் என்று எழுதுகிறார்கள். சும்மா கிடந்த ஆய்தத்தைத் தூக்கி ஐன் இருந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். தொல்காப்பியர் பார்த்திருந்தால் ஆட்சேபித்திருக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

அதே மாதிரிதான் ளகரமும் ழகரமும். அரபியில் 'ளாத்' என்று ஒரு கனத்த எழுத்து. பாரசீகமும் உருதுவும் அதை இசட் ஒலியாக்கிவிட்டன. அதனால் உருது வழியாக வந்தவர்களுக்கு ரம்ஜான், ரிஸ்வான், காஜி. கடல் வழியாக அரபிகளிடமே நேரே வாங்கிய காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இலங்கைக்கும் ரமழான், ரிழ்வான், காழி. ஃபஸீலை இலங்கையில் பளீல் என்பார்கள். உஸ்மான், உதுமான் கதையும் இதுதான். 'உதுமான்' என்பது கிராமத்துக் கொச்சை, 'உஸ்மான்' என்பது சுத்தம் என்று நாகரிகம் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அரபு மூலத்துக்குக் கிட்டத்தில் நிற்பது உதுமான்தான். கிழக்கிலங்கையில் உதுமாலெவ்வை என்று ஒரு கிழவர் பெயர் சொன்னால் சிரிக்காதீர்கள். அவர் பெயரில் அரபி இன்னும் மிச்சம் இருக்கிறது.

அப்து என்று தொடங்கும் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இறைவனுக்கே உரிய பெயர்களுக்கு முன்னால் 'அடிமை' என்ற பொருளில் அப்து சேர்ப்பது முறை. 'அல்' நடுவில் வரும். அரபு எழுத்துகளில் சரிபாதி, பதினான்கு, தங்களுக்கு முன்னால் வரும் அந்த லகரத்தை விழுங்கிவிடும். அதனால் அப்துல் ரஹ்மான் அல்ல, அப்துர் ரஹ்மான். அப்துல் சலாம் அல்ல, அப்துஸ் ஸலாம். காகிதத்தில் எல்லாமே 'அப்துல்' ஆகிவிட்டது. அதைவிடச் சிக்கல், அந்தப் பெயரை இரண்டாக வெட்டுவது. பள்ளிக்கூடத்தில் 'அப்துல்' என்று கூப்பிடுவார்கள். அதன் பொருள் 'அந்த... உடைய அடிமை'. யாருடைய என்று சொல்லாமல் பாதியில் நிற்கிறது. கடைத்தெருவில் 'ரஜாக் பாய்', 'ரஹ்மான் பாய்' என்பார்கள். அப்படிக் கூப்பிடும்போது மனிதனுக்கு இறைவனின் பெயர் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று ஆலிம்கள் ஒவ்வொரு மார்க்க உரையிலும் சொல்லிச் சலித்துவிட்டார்கள்.

இவ்வளவையும் மீறித் தமிழ் நாக்கு தன் வேலையை எப்போதோ செய்து முடித்துவிட்டது. உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளலின் பெயர் ஷைகு அப்துல் காதிர். அதைத் தமிழ் உருட்டி உருட்டிச் சீதக்காதி ஆக்கியது. அரபி தெரிந்தவர் யாரும் அந்தச் சொல்லுக்குள் அப்துல் காதிரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இறந்த பின்னும் கொடுத்த மனிதர் என்றால் தமிழில் வேறு யாரையும் நினைக்க மாட்டோம். தேவையற்றவன், எதற்கும் பிறரை நாடாதவன் என்ற பொருளுள்ள ஃகனீ இங்கே கனியாகிப் பழுத்துவிட்டது. கேரளத்துக்காரர் முகம்மது குட்டியை மம்மூட்டி ஆக்கினார்கள். இவற்றை நான் சிதைவு என்று சொல்ல மாட்டேன். ஒரு பெயர் ஊருக்குள் வந்து தங்கினால்தான் அதற்கு இப்படித் தேய்மானம் ஏற்படும். பட்டியலிலிருந்து நேற்று இறங்கிய ஸயான் இன்னும் யார் வாயிலும் தேயவில்லை. அது பளபளப்பாக இருப்பதும் அதனால்தான்.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். அரபிகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நபிகள் தமக்குப் பிறந்த ஆண் பிள்ளைக்கு மூதாதையான இப்ராஹீமின் பெயரை வைத்தார்கள். ஆனால் தமிழ் வீட்டில் இதற்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. புருஷன் பெயரை, மாமனார் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை. அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டுப் பிறகு கூப்பிடுவது எப்படி? அதற்காகத்தான் வீட்டுக்கு வீடு இன்னொரு பெயர் புழங்குகிறது. தம்பி, ராஜா, சீனி, சின்னவரு. சான்றிதழில் அரபியும் வாயில் தமிழுமாக எங்கள் பிள்ளைகள் இரண்டு பெயருடன் வளர்ந்தார்கள்.

கடைசி இழுப்பு பாஸ்போர்ட். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். அரபு நாட்டில் சொந்தப் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், குடும்பம் என்று நீளமாக எழுதுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு இல்லை என்று அறிவித்தபோது ஊரே பதறியது. அதனால் இப்போது பிள்ளை பிறந்ததுமே குடும்பப் பெயர்க் கட்டத்தில் எதைப் போடுவது என்ற பேச்சு வந்துவிடுகிறது. பெயரைப் பதிவதற்கு அவசரமே இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் சொன்னால் போதும், பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் விழுந்த எழுத்துப்பிழை பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் என்று பிள்ளைக்குப் பின்னாலேயே வரும்.

ஷார்ஜாவில் என் தம்பியை யாரும் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எங்கள் அத்தாவின், அதாவது தகப்பனின், பெயர் விழுந்துவிட்டது. ஆபீசில், வங்கியில், ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் அவன் 'மிஸ்டர் காதர்'. எங்கள் அம்மா நாற்பது வருஷமாக வாய் திறந்து சொல்லாத பெயரை அங்கே எகிப்துக்காரனும் பாகிஸ்தானியும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை அன்றைக்கு ஹஜ்ரத்திடம் நான்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். தம்பி போனைப் பைக்குள் போட்டான். பழைய பேராச்சே, கடைக்காரர் பேர் மாதிரி இருக்குமே என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். "அப்துல் காதிர்னே வைங்க ஹஜ்ரத்" என்றான்.

ஹஜ்ரத் குனிந்து பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னார். அடித்தொண்டையிலிருந்து வந்த அந்தக் காஃபுக்குப் பிள்ளை சிணுங்கியது. இனிப்பு வந்தது. நகராட்சிக்குக் கொடுக்க வேண்டிய தாளை நான் எழுத உட்கார்ந்தேன். தமிழில் காதர் என்றா, காதிர் என்றா? காதிர் என்றே எழுதினேன். ஆங்கிலத்தில் கியூவா, கேயா என்று தம்பியைக் கேட்டேன். அவன் பாஸ்போர்ட்டில் கே என்று இருக்கிறது. அத்தாவின் பழைய ரேஷன் கார்டில் வேறு மாதிரி. அவன் யோசித்துக்கொண்டே நின்றான்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "என்ன அத்தா, தூக்கம் வருதா?" என்று முதுகைத் தட்டிக்கொண்டே உள்ளே போனார்.